ஆபத்துக்கு ஒரு டின்

யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபின், ஆலங்குடியில் கடலை மூட்டை ஏற்றும் லாரி, பின்னால் பொருத்திய கரியடுப்பிலிருந்து வரும் கரிவாயுவில் ஓடியது. டிரைவருக்குக் கரி படிந்த மீசை. இருக்கைக்கு அடியில் ஒரு டின் பெட்ரோல் வைத்திருந்தார். வண்டி நின்றால், "அது ஆபத்துக்குங்க, இறங்கித் தள்ளுங்க" என்பார்.

"தள்ளுற எங்களுக்கு ரேஷன் உண்டாண்ணே?" என்று ஆட்கள் கேட்பார்கள்.

ஒருநாள் பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை அந்த லாரியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழியில் வண்டி நின்றது. நாடி, வலியின் இடைவெளி, குழந்தை கிடந்த நிலை எல்லாம் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது.

"டின்னைத் திறங்க" என்றேன்.

"ஆபத்து வலிக்கா, உசுருக்கா நர்ஸம்மா?"

"ரெண்டு உசுருக்கு."

உடனே திறந்தார். மூடி இறுகாததால் பெட்ரோல் முழுவதும் ஆவியாகியிருந்தது.

கரியடுப்பின் விசிறியைக் கை கொப்பளிக்க அவரே சுற்றினார். கூட வந்த ஆட்கள் தள்ளினார்கள். எஞ்சின் உறுமியது.

தாயும் பிள்ளையும் பிழைத்த செய்தியை ஆஸ்பத்திரி வாசலில் சொன்னேன். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, சொட்டுப் பெட்ரோல் செலவில்லாம வந்துட்டோம்!"

அதை மறுக்க எனக்கு இன்றுவரை ஒரு காரணமும் அகப்படவில்லை.