டெத் வேலியில் பாத்திரம் கழுவிய தேவகி

வியாழக்கிழமை மாலை மௌரி அவென்யூ மளிகைக்கடையிலிருந்து போன் வந்தது. வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தேவகி அப்படியே சரிந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எந்த தேவகி?" என்று கேட்டேன். இந்தக் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் எனக்குத் தெரிந்தது ஒரே தேவகிதான். மதியம் ஆபீசில் என் புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துத் திட்டியவர் மாலையில் எப்படி இல்லாமல் போவார்? நாற்பத்திரண்டு வயது. இது என்ன நியாயம்?

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜரைக் கண்டு யாராவது தயங்கினால், "பயப்படறதுக்கு உனக்குத் தனியா சம்பளம் தர்றாங்களா?" என்பார். தனியாக வாழ்ந்தவர். விடுமுறை என்றால் எங்களோடுதான் கிளம்புவார்.

நான்கு வருடங்களுக்கு முன் டெத் வேலி பாலைவனம் பார்க்கப் போனோம். நான், மனைவி மாலா, இரண்டு வயது நித்யா, தேவகி. காலையில் மணல்மேடும் உப்புச் சமவெளியும் பார்த்துவிட்டு மதியம் புளியோதரை, தயிர்சாதம். சாப்பிட்டதும் தேவகி தண்ணீர்க் கேன்களைத் திறந்து எவர்சில்வர் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். மாலா தடுத்தாள். "எச்சில் பாத்திரத்தை வண்டில ஏத்த விடமாட்டேன். இது அமெரிக்கா, மாலா. ஹைவேல அடுத்த எக்ஸிட்ல தண்ணி கிடைக்கும்" என்றார். பாத்திரங்கள் பளபளத்தன, கேன்கள் காலியாயின.

எக்ஸிட் எதுவும் வரவில்லை. வண்ணப் பாறைகளைப் பார்க்க ஒரு மண்சாலையில் திரும்பினோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஊற்றவும் தண்ணீர் இல்லை, குடிக்கவும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. நித்யா அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுத் துவண்டு படுத்தாள்.

தேவகியிடம் ஒரு பிளாஸ்க் மோர் இருந்தது. துண்டை அதில் நனைத்துக் குழந்தையின் தலையிலும் மார்பிலும் போட்டார். மீதியை மாலாவிடம் தந்து, "ஸ்பூன் ஸ்பூனா குடு. நீங்க ரெண்டு பேரும் தொடக்கூடாது" என்றார். நான் மெயின் ரோட்டுக்குப் போகிறேன் என்றேன். "நீ இங்க இரு ரகு. இவளைத் தூக்கிட்டு ஓடணும்னா நீதான் வேணும். தண்ணியைக் கொட்டினது நான், நானே போறேன்." புடவையைத் தூக்கிச் செருகி, ஸ்னீக்கர்ஸ் காலோடு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார். ஒரு மடக்கு மோர்கூடக் குடிக்கவில்லை.

குடை சிறுத்துக் கண்ணிலிருந்து மறைந்தது. காரின் நிழலில் உட்கார்ந்து அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, மாலாவும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் புழுதி கிளம்பியது. பார்க் ரேஞ்சரின் ஜீப். முன் சீட்டில் உதடெல்லாம் வெடித்த தேவகி. இறங்கியதும் தண்ணீரை நீட்டி, "மோர் குடிச்சாளா?" என்றுதான் கேட்டார். நித்யா குடித்துச் சிணுங்கியதும், "இனிமே பேப்பர் பிளேட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் புழுதியிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, தேவகி போனால் திரும்பி வந்துவிடுவார் என்கிற நம்பிக்கை. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்று தகனம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் காரை ஸ்டார்ட் பண்ணாமல் தகனக்கூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்து நித்யா கேட்டாள்: "அப்பா, ஹூ ஆர் வீ வெயிட்டிங் ஃபார்?"