பசு தின்ற கீரை

கீரை ஆய்வதற்குச் சோம்பல்பட்டு ஒரு மனிதனின் கண்ணைப் போக்கினேன். ஆம், நான்தான்! கத்தியால் குத்தினேன், திராவகம் ஊற்றினேன் என்றால் உடனே நம்புவீர்கள். முருங்கைக்கீரை என்றால் சிரிக்கத்தான் தோன்றும். சிரித்துக்கொள்ளுங்கள்... ஆனால் முழுவதும் கேளுங்கள்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைகள் நிறைந்திருந்த காலம் அது. மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தது. அதன் மணியோசைக்கு மாடுகள் மிரளும். வண்டிக்காரர்கள் டிராம்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். ஒரு மேஸ்திரியிடம் வண்டி ஓட்டிய ஆறு பேர் சேர்ந்து தங்கியிருந்த கொங்சி வீட்டில் நான் சமையற்காரன். சாணி வாடை, வைக்கோல் வாடை, கருவாட்டு வாடை... அடடா, அந்த மூன்றும் கலந்த காற்று இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை!

அந்த ஆறு பேரில் இளையவன் கறுப்பையா. துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவான். வாய் ஓயாத பயல். தன் செவலைக் காளையிடம் ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டே வருவான், அது தலையாட்டும். தங்கை கல்யாணத்துக்காக மிச்சம் பிடிக்கிறவன். மற்றவர்கள் கடையில் முட்டையும் ஈரலும் வாங்கித் தின்பார்கள். அவன் நான் போடுகிற வெள்ளைச் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் வந்தவன், நடுக்கூடத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தின்மேல் மோதி விழுந்தான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சத்தம் போடாதண்ணே. இருட்டுனா ஒண்ணுமே தெரியல. ரெண்டு மாசமா செவலதான் என்னக் கூட்டியாருது. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வண்டியப் புடுங்கிருவாரு."

மாலைக்கண்! பகலில் எல்லாம் தெரியும், அந்தி வந்தால் குருடு. அதற்கு என்ன மருந்து என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொட்டகைக்குப் பின்னால், சமையற்கட்டிலிருந்து பத்தடி தூரத்தில், முருங்கை மரம் நின்றது.

"தினம் ஒரு கை கீரை போடுண்ணே, சரியாப் போயிரும்" என்றான். நன்றாக விடிந்தபின், வண்டி பூட்டுமுன் அவனே கொப்புகளை ஒடித்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போவான். ஆய வேண்டியது மட்டும்தான் என் வேலை. அவன் திரும்பி வரும்போது இலை எது, காம்பு எது என்று அவனுக்குத் தெரியாதே!

நான்கு நாள் ஆய்ந்தேன். நான்கே நாள்! அந்தப் பொடி இலைகளை உருவி, பழுப்பு நீக்கி, கம்பளிப்பூச்சி பார்த்து... சே, பகல் முழுக்க அதற்கே போயிற்று. பக்கத்துக் கொட்டகையில் ஆடுபுலி ஆட்டம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் கொப்புகளை அப்படியே கொட்டகைப் பசுவின் முன் போட்டுவிட்டு ஆடப் போனேன்.

அன்று அந்தியில் எல்லோருக்கும் முந்தி வந்து தட்டின் முன் உட்கார்ந்தான் கறுப்பையா. தட்டில் இருந்தது வெறும் சோறும் குழம்பும்தான்; அது அவன் கண்ணுக்குத் தெரியாது.

"கீரை போட்டியாண்ணே?"

"போடாம? நல்லா மசிச்சுப் போட்டிருக்கேன், தின்னு."

ஒரு வாய் மென்றான். சற்று நிறுத்தினான். பிறகு, "ருசியா இருக்குண்ணே" என்றான்.

எவ்வளவு எளிதாக இருந்தது! மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும்... ஏழெட்டு மாதம் அந்தப் பொய்யைத்தான் பரிமாறினேன். ஏன் செய்தேன்? அவன்மேல் எனக்குக் கோபமா, பொறாமையா? ஒன்றுமில்லை. எனக்கு அவனைப் பிடிக்கும்! அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் குழம்பில் உப்புக் குறை, காரம் கூட என்று ஏதாவது சொன்னால், "மேஸ்திரிகிட்டச் சொல்லட்டுமா?" என்பேன். விளையாட்டுக்குத்தான். அவனும் சிரிப்பான்.

அவன் கண்ணில் ஈரம் வற்றியது. வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டியதுபோல் ஒரு திட்டு வந்தது. பகலிலும் கண் கூசுகிறது என்றான். தூசி விழுந்திருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவு என்றேன். ஒருநாள் காலை வலது கண் செக்கச் சிவந்து திறக்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கருவிழியில் புண் விழுந்திருந்தது.

அங்கே மருந்து கட்டுகிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "மாலைக்கண் எண்டு தெரிஞ்ச உடனேயே கீரையும் ஈரலும் குடுத்திருந்தா இது வந்திராது. உங்கட வீட்டில சமைக்கிறது ஆர்?" என்று கேட்டார்.

கறுப்பையா கூப்பிடுகிறான் என்று சொல்லி நழுவினேன்.

வலது கண் பால்போல் வெளுத்துப் போனது. இடது கண்ணில் மங்கலாக ஏதோ தெரிந்தது. மேஸ்திரி வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கறுப்பையா அழுதான்.

அவன் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிற அன்று, பொழுது விடியுமுன்னே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஒரு காம்பு இல்லாமல், ஒரு பழுப்பு இல்லாமல்! தேங்காய் போட்டு வதக்கிச் சோற்றோடு கட்டிக் கொடுத்தேன். துறைமுகத்தில் மூட்டையின்மேல் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டான்.

"இதுதாண்ணே கீரை" என்றான்.

நான் அவன் எதிரே குந்தினேன். "அப்ப... அதெல்லாம்... உனக்கு..."

"கண்ணுதாண்ணே போச்சு. நாக்குமா போச்சு? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாமத் தின்ன? என்னைய நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேடா!"

"கேட்டா உனக்குக் கோவம் வரும். கோவத்துல மேஸ்திரிகிட்டச் சொல்லிப்புட்டீன்னா? நீதான் அடிக்கடி சொல்றியேண்ணே, சொல்லட்டுமா, சொல்லட்டுமான்னு..."

சொல்லிவிட்டு, மீதிச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றான்.