வலி இல்லாமல் வந்த இரத்தம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்த என் மகள் ஸ்டெல்லா, "அம்மா, கொஞ்சம் இங்கே வாயேன்" என்று கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு, அறை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். பாயிலும் நைட்டியிலும் இரத்தம். பளிச்சென்ற சிவப்பு.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைப்பா. ஒண்ணுமே வலிக்கலை."

எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்து, நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரத்தம் வலி இல்லாமல்தான் வரும். எனக்கு அதை முன்பே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான தொடக்க ஆண்டுகள் அவை. நான் துறைமுகத்தில் வண்டிப் போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, சென்னையின் வடகோடியில் விம்கோ நகரில் குடியிருந்தேன். ஸ்டெல்லாவை ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் அந்தோணி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக். அவர்கள் வீட்டிலிருந்து பிரசவ மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம்.

ஏழாம் மாத ஸ்கேனுக்கு நானும் போயிருந்தேன். பிளசென்டா பிரிவியா (நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கிடக்கும் நிலை) என்றார் மருத்துவர்.

"அஞ்சாம் மாசத்துல கீழே இருந்தா பயப்பட மாட்டோம் சார். கருப்பை வளர வளர பலருக்கு மேலே போயிடும். இவங்களுக்குப் போகலை. குழந்தைக்கு மூச்சும் சாப்பாடும் அது வழியாத்தான். அது கொஞ்சம் பிரிஞ்சாலும் ரெண்டு உயிருக்கும் ஆபத்து. சிசேரியன்தான். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். புரியாமல் ஆட்டவில்லை. நன்றாகப் புரிந்துதான் ஆட்டினேன்.

அடுத்த வாரம் வளைகாப்பு. எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அது உண்டு. ஜெபம் சொல்லி, வளையல் பூட்டி, கலந்த சோறு போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவோம். முதல் பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு. மகளைச் சம்பந்தி வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதைவிட, மற்றவர்கள் பார்க்க அப்படித் திரும்புவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது என்பதே உண்மை.

அந்தோணி மட்டும் குறுக்கே நின்றான். "மாமா, இன்னாத்துக்கு இப்போ இட்டுகினு போறீங்கோ? ஆஸ்பத்திரி இங்கியே கீது. அங்கேர்ந்து வர்ற வழில கண்டெய்னர் வண்டி லைன் கட்டி நின்னுகினு இருந்தா இன்னா பண்ணுவீங்கோ?"

"முப்பது வருஷமா அந்த வண்டிங்களை உள்ளே விட்டவன் நான். எனக்கே ரோடு சொல்லித் தர்றியா மாப்பிள்ளை?"

"டேய் அந்தோணி, மாமாவாண்ட வாய் குடுக்காத. அவரு கை காட்டினா கப்பலே ரிவர்ஸ்ல பூடும்" என்றார் அவன் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அந்தோணியும் சிரித்துவிட்டான். ஸ்டெல்லா வளையல் கையோடு ஆட்டோவில் ஏறினாள்.

இரத்தம் வந்த அன்றும் ஆட்டோதான் கிடைத்தது. "எந்தப் பக்கம் நைனா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"ஹைரோட்டிலேயே போயிடலாமே. மெதுவா போனாலும் நிக்காம போகும்" என்றாள் என் மனைவி.

"வேண்டாம். இன்னிக்குப் பெரிய கப்பல் எதுவும் இல்லை. கடலோர ரோடு காலியா இருக்கும்" என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பத்திரிகையில் கப்பல் வரவுகளைப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. கப்பல் இல்லை என்பதும் சரிதான். ஆனால் கப்பல் இல்லாத நாளிலும் துறைமுக வாயிலில் லாரிகளை நிறுக்கும் எடை மேடை பழுதானால் வரிசை நிற்கும். என் பணிக்காலத்தில் நானே பலமுறை பார்த்தது அது. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டுமே நினைவில் இருந்தது.

பாதி வழியில் டிரெய்லர்கள் சாலையை அடைத்து நின்றன. ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகள். பின்னாலும் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. திரும்பவும் முடியாது.

ஸ்டெல்லா அம்மா மடியில் தலை வைத்திருந்தாள். அந்த வெயிலில் "அப்பா, குளிருது" என்றாள். சற்று நேரம் கழித்து, "உள்ளே அசையறது தெரியலைப்பா" என்றாள்.

நான் இறங்கி ஓடினேன். டிரெய்லர் கதவுகளைத் தட்டிக் கெஞ்சினேன். "ஏய், புள்ளத்தாச்சிப்பா! ஒதுங்குங்கடா!" என்று கிளீனர்கள் இறங்கி வந்து கத்தினார்கள். நகர இடமில்லாத வண்டிகளை முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டோ நுழையும் அளவுக்குச் சந்து உண்டாக்கினார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் போனோம். ஆட்டோவின் தரை முழுவதும் ஈரமாகிவிட்டது.

மருத்துவமனையில் அவளை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தோணி சேதி கேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். ஐஸ் பெட்டி ஈரம் காயாத கைகளை ஒவ்வொருவராக நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். இந்த நிலை உங்கள் வீட்டில் இருந்தால், இரத்தம் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் வைக்கவில்லை.

அந்தோணி என் அருகே வந்து நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "ரோடு தெரியும்னீங்களே மாமா" என்றான். அதற்கு மேல் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மருத்துவர் வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. "கருப்பையோட மேல் தசை இறுகி இரத்தக் குழாய்களை மூடிக்கும். கீழ்ப் பகுதிக்கு அந்த வலு கிடையாது. நஞ்சுக்கொடியை எடுத்த பிறகும் இரத்தம் நிக்கலை. கருப்பையை எடுத்தாத்தான் அம்மா பிழைப்பாங்கன்னு ஆயிடுச்சு. எடுத்துட்டோம்."

"குழந்தை?"

"பெண் குழந்தை. ரொம்ப நேரம் ஆக்சிஜன் குறைஞ்சு போயிருக்கு. பார்ப்போம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமாக ஒரு முதுகு ஏறி இறங்கியது. பாதிரியார் வரும்வரை காத்திருக்க நேரமில்லாததால், என் மனைவியே செவிலியரிடம் அனுமதி கேட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் நெற்றியில் சொட்டவிட்டு, சகாய மேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தாள். மறுநாள் மாலை குழந்தை இறந்தது. ஸ்டெல்லா அதைத் தொட்டுப் பார்க்கும் நிலையில் இல்லை.

அதற்கடுத்த நாள் அவளுக்குப் பால் சுரந்தது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. நஞ்சுக்கொடி உடலை விட்டு நீங்குவதே பால் சுரக்கச் சொல்லும் உத்தரவு என்று மருத்துவர் விளக்கினார். குழந்தை இருக்கிறதா என்று உடம்பு கேட்பதில்லை. செவிலியர் மார்பை இறுக்கிக் கட்டத் துணி கொண்டு வந்தார். ஸ்டெல்லா அதைத் தள்ளிவிட்டு, "வரட்டும் சிஸ்டர். அது இன்னா பண்ணும் பாவம்" என்றாள். நான் நடைவழிக்கு வந்துவிட்டேன்.

மருத்துவர் முதலில் குறித்திருந்த பிரசவ நாள், வாரங்கள் கழித்து வந்தது. அன்று காலை அந்தோணி அவளை எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். அவள் உள்ளே வந்து, இரத்தம் வந்த அதே அறையில் உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இன்னிக்குத்தான்பா நாள்."

"தெரியும்மா."

"மாசக் கணக்கும் இனிமே இல்லை. உடம்பு காலண்டர் இல்லாத வூடு மாதிரி கீதுப்பா."

அதுவரை சொல்லாததை அப்போது சொன்னேன். "தப்பு நான்தாம்மா பண்ணேன். உன்னை இங்கே கூட்டிகிட்டு வந்திருக்கக் கூடாது. அந்த ரோட்டிலயும் போயிருக்கக் கூடாது."

"ஆமாப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தும் சொல்லவில்லை. இந்த வயதிலும் அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன்.

பிறகு அவள் படுத்துக்கொண்டாள். இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணையை அண்டை கொடுத்துப் படுத்தாள். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தடையில்லாமல் போவதற்காகக் கர்ப்பிணிகளை அப்படித்தான் படுக்கச் சொல்வார்கள். கருப்பையே இல்லாத உடம்பு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அவள் தூங்கிய பிறகும் தலையணையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் இடது பக்கமாகத்தான் படுக்கிறாள்.