தலை எங்கே கிடந்தது

வரவேற்பு வகுப்பு என்று அதற்குப் பெயர். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பு. அங்கே என் தம்பியை வரவேற்ற ரீச்சரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

தம்பி பிறக்க முன்னமே அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு கனடாவின் மொன்றியலுக்கு வந்துவிட்டார். அம்மாவும் தம்பியும் இலங்கையின் வன்னியில் இருந்து வந்து சேர்ந்தபோது அவனுக்கு ஆறு வயது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்களுடைய முதல் பனிக்காலம். பனி அள்ள முன், தெருவில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி ஒரு வண்டி சங்கு ஊதிக்கொண்டு போகும். நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருநாள் அது பள்ளிக்கூட வாசலிலேயே ஊதியது. வகுப்பில் தம்பி பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணை இழுத்துத் தரையில் போட்டு, அவள்மேல் குப்புறப் படுத்துவிட்டான். அவள் வீரிட்டாள். ரீச்சர் அவனைப் பிய்த்தெடுத்துச் சுவரைப் பார்க்க இருத்தினார்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும் என் வகுப்பில் இருந்து அழைத்தார்கள். நடத்தை சரியில்லாத பிள்ளைகளின் பள்ளிக்கு இவனை அனுப்பப் போவதாக ரீச்சர் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. அம்மா அழுது மன்னிப்புக் கேட்பா என்று பார்த்தால், விசாரணை நடத்தினா.

"அந்தப் பிள்ளையின்ரை தலை எங்கை கிடந்தது எண்டு கேள்."

கேட்டேன். அவனுடைய கைகளுக்குள் என்றார் ரீச்சர்.

"அப்ப சரியாத்தான் செய்திருக்கிறான். கிபிர் வந்தா பக்கத்திலை இருக்கிற சின்னதை மூடிப் படுக்கச் சொல்லி நான்தான் பழக்கினனான். சொல்லு."

சொன்னேன். கிபிர் என்றால் குண்டு போடுகிற விமானம் என்பதையும் சொன்னேன். ரீச்சரின் முகம் சிவந்தது. "நான் படிப்பிக்க வந்தவள், வைத்தியர் இல்லை. இங்கே போர் இல்லையென்று உன் அம்மாவிடம் சொல்." இங்கே போர் இல்லையாம்! அது எங்களுக்குத் தெரியாதாக்கும். தம்பியை அனுப்பியே விட்டார்கள்.

இப்போது நானும் இதே நகரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. போரைப் பார்த்து வந்த பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அண்மையில் ஒரு பயிற்சியில் பக்கத்துக் கதிரைக்காரி கொட்டாவி விட்டபடி, "இதுவும் எங்கள் வேலையா?" என்றாள். வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு அவள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. "வேறு யாருடைய வேலை?" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன்.

ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்ட அன்று வீடு வரும்வரை அம்மாவோடு நான் கதைக்கவில்லை. தலை எங்கே கிடந்தது என்று கேட்கவா இவ பள்ளிக்கு வந்தா என்று கோபம். அம்மா உடுப்பு மாற்றும்போது முதுகில் ஓடும் நீளத் தழும்பைக் கண்டிருக்கிறேன். அடுப்பு சுட்டது என்று சொல்லியிருந்தா. முதுகில் அடுப்பு எப்படிச் சுடும் என்று அன்றுகூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.