கடலுக்குப் போன இலக்கம்

காலை ஆறு பத்து. படலையில் முதலில் தெரிந்தது ஒரு பொலித்தீன் பை. வாய் இறப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு கைத்தொலைபேசி. அதைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டு மீனவர். கண்டக்குழிக் கரையில் படகை ஏற்றிவிட்டு, ஈரச் சாரத்தோடு நேரே என்னிடம் வந்திருந்தார். அவர்கள் வீட்டில் என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார்கள்.

“நானா, இத ஒருக்காப் பாருங்க. கரை கிட்டினதும் டிங் டிங்கெண்டு வந்து விழுது. எல்லாம் பேங்க். எனக்கென்ன லவ் லெட்டரா எழுதுறான்?”

ஆழக்கடலில் சிக்னல் இல்லை. இரவு அனுப்பப்பட்டவை கரையை நெருங்கும்போதுதான் ஒன்றாக வந்து சேரும். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன். அட்டையால் பொருள் வாங்கும்போது வங்கி அனுப்பும் இரகசிய இலக்கங்கள் அவை. எல்லாமே காலாவதியாகியிருந்தன. கடைசிச் செய்தி மட்டும் வேறு: தவறிய முயற்சிகள் காரணமாக அட்டை நாளை வரை முடக்கப்பட்டுள்ளது.

“நான் கடல்ல இரிக்கக்குள்ள ஆரு சாமான் வாங்குற?”

வேலிக்கு அப்பால் அவருடைய மனைவி நின்றார். “நாந்தான்,” என்றார்.

அந்த வாரம் நான் ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இணையக் கடைகளில் கூடையை நிரப்புகிறவர்கள் பணம் கட்டும் இடத்தில் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது விடயம். அனுப்பும் செலவு, நீண்ட படிவம், பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம் என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். இந்தப் பெண்ணையும் கேட்டிருந்தேன். “நம்பர் வரல்ல நானா, விட்டுட்டன்,” என்றதோடு முடித்துக்கொண்டார். கூடையில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை.

இப்போது சொன்னார். கடலில் அணியும் ஆரஞ்சு நிற மிதவை அங்கி.

கணவருக்குத் தெரிந்தால் தடுப்பார் என்று அவர் கடலுக்குப் போன பிறகே வாங்கப் பார்த்திருக்கிறார். பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் வசதி எங்கள் பகுதிக்கு இல்லை. வீட்டில் அட்டை இருந்தது. கடையின் படிவத்தில் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, இலக்கம் தனக்கு வரும் என்று காத்திருந்து, வராதபோதெல்லாம் திரும்பவும் அழுத்தியிருக்கிறார். வங்கிக்குத் தெரிந்தது கணவருடைய எண் மட்டும். அது ஒவ்வொரு இரவும் பொலித்தீன் பையில் கடலுக்குப் போனது.

கணவர் சிரித்தார். “கடல்ல காத்தாடி புடிச்சு விளையாடுற வெள்ளக்காரன் போடுறத நான் போடவா? நானா, என்னத் தோடம்பழம் மாதிரி ஆக்கப் பாக்கிறா. கரையில ஒரு மனிசன் உட மாட்டான், சிரிச்சே கொன்டுடுவான்.”

“சிரிக்கட்டும்,” என்றார் மனைவி. “போன மாசம் கடல்ல போனவன்ட மையத்து எடுத்த வீட்டில ஆரு சிரிச்ச?”

கணவர் தொலைபேசியைப் பையில் போட்டு, வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“சரி புள்ள. நாளைக்கு கார்ட் திறந்ததும் நானே நம்பர வாசிச்சுச் சொல்றன். ஆரஞ்சு வாணாம். நீலம் இருந்தா எடு.”

நீலம் இருந்தது. மனைவி அதைக் கூடையில் மாற்றி வைத்தார்.

அன்று பின்னேரம், கூடப் போகிறவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், கணவர் தனியாகக் கடலுக்குப் போனார். இருட்டிய பிறகு காற்று மாறியது. காலையில் மற்றப் படகுகள் வந்தன. அவருடைய படகு கவிழ்ந்து மிதந்ததைக் கண்டதாக அவற்றில் வந்தவர்கள் சொன்னார்கள். கரையில் கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அவருடைய மனைவி என்னிடம் வந்தார். கையில் தன்னுடைய தொலைபேசியை வைத்திருந்தார். திரையில் அந்தக் கடை திறந்திருந்தது.

“இப்ப கார்ட் திறந்திரிக்குமா நானா?”

“ஓம்,” என்றேன்.

உச்சமுனைப் பக்கம் வலை போட்டவர்கள் உடலைக் கண்டெடுத்தார்கள். சட்டைப் பையில் பொலித்தீன் பை இருந்தது. உள்ளே தொலைபேசி நனையவில்லை.