ஜாடியில் எத்தனை வெங்காயம்

கிளிஃப் ஓக்டன் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் மீன் வறுவல் என்றால் அவர் கடைதான். யாரும் கைதூக்கி விடவில்லை. எவன் பேச்சையும் கேட்டு அவர் ஒரு காரியம் செய்ததும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவருக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கல்லூரிக்கு முந்தைய வகுப்பில் படிக்கும் மகள் ஹாட்டி, எடுத்திருந்த நான்கு பாடங்களில் ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் கைவிட வேண்டும். உளவியலை விடு என்கிறார் இவர். வேதியியலை விடுகிறேன் என்கிறாள் அவள்.

"மனுசங்க மனச நான் படிக்காமலே படிச்சவன். கடைக்குள்ள நுழையறப்பவே மூஞ்சியப் பாத்துச் சொல்லிடுவேன்."

"சரிப்பா. இன்னைக்கு நம்ம கடையிலயே ஒரு சோதனை பண்றேன். உங்களுக்குத் தெரியாத எதையும் அது காட்டலன்னா, நானே உளவியல விட்டுடறேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் வினிகரில் ஊறும் வெங்காய ஜாடி இருந்தது. வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டு, உள்ளே எத்தனை இருக்கும் என்று தன் காதில் மட்டும் சொல்லச் சொன்னாள். மதியத்துக்கு மேல் மூன்று இளவட்டங்கள் வந்து நின்றார்கள்.

"இனிமே சத்தமாச் சொல்லலாம். நீங்களும் சொல்றீங்களாப்பா? விருப்பம்னாத்தான்."

"எனக்கென்ன பயம்?"

"எண்பது," என்றான் முதல் பையன். "எழுபத்தெட்டு," என்றாள் அடுத்தவள். மூன்றாமவன் ஜாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எண்பதுக்குக் குறையாது," என்றான்.

கிளிஃபின் நாக்கு நுனிவரை ஏதோ வந்தது, நின்றுவிட்டது.

"எழுபத்தஞ்சு."

ஹாட்டியின் முகம் சுருங்கியது. "அப்பா, முடிஞ்சதும் உண்மையச் சொல்லிடணும், அது எங்க சோதனை விதி. இவங்க மூணு பேரும் என் வகுப்பு. வேணும்னே கூட்டிச் சொல்லச் சொன்னது நான்தான். காதுல சொன்னவங்க யாரும் அம்பதத் தாண்டல."

வரிசையில் நின்ற எடித் அம்மாள் கொக்கரித்தாள். "ஏன் கிளிஃபு, அத வாராவாரம் உரிச்சு அடைக்கறது நீதானே?"

அவரேதான். நாற்பதுக்கு மேல் அந்த ஜாடி கொள்ளாது.

கிளிஃப் கவுண்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். எண்ணெயில் கிடந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் கருகியது. சுவரில் பச்சை ஓடு பதித்தது தன் யோசனையா, தெருவில் எல்லோரும் பதித்ததாலா? இத்தனை வருடம் தோன்றாத கேள்வி, இப்போது ஈயாய் மொய்த்தது.

எடித் அம்மாள் போனதும் ஹாட்டி அருகில் வந்தாள். "உங்க பதில எடுத்துடச் சொன்னா எடுத்துடுவேன்ப்பா. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அதுவும் விதிதான்."

"எடுத்துட்டா?"

"சோதனையில நீங்க இல்லவே இல்ல."

கரண்டியை வைத்தார், எடுத்தார், வைத்தார்.

"இருக்கட்டும். ஊர்லயே பெரிய தலை சிக்கிருக்கு, அத விட்டுடுவியா? பேரு மட்டும் போடாத."

"பேரே போட மாட்டோம்ப்பா. நீங்க பதினொண்ணாம் ஆள், அவ்வளவுதான்."

"பதினொண்ணா? கடை யாருது? ஒண்ணாம் ஆளாப் போடு."

"வரிசைய மாத்தக் கூடாதுப்பா."

"என்ன படிப்போ," என்று முனகிக்கொண்டே கருகிய சிப்ஸை அள்ளிக் கொட்டினார். "திங்கட்கிழம அந்த வேதியியலத் தொலைச்சுட்டு வா."