ஒரு மூட்டை சிரட்டைக்கரி

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூரில் இருந்தபோது நடந்தது இது. இராஜாக்கமங்கலத்தில் என் மனைவிக்கு முந்தின நாளே வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை. உடனே நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள் மருத்துவச்சி.

பெட்ரோல் கிடைப்பது அரிது. கார் வைத்திருந்தவர் கேட்ட வாடகை என் ஒரு மாதச் சம்பளம். ஆகவே காலை பஸ்ஸில் ஏறினோம். அது கரி பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. அதில் கரி எரிந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். கரி விலை ஏறியதைச் சொல்லி அந்த வாரம்தான் பஸ் கூலியில் ஒரு சக்கரம் (அப்போதைய திருவிதாங்கூர்க் காசு) கூட்டியிருந்தார்கள். வழியில் தேங்காய்ச் சிரட்டைக்கரி மூட்டையோடு ஏறிய ஒரு பெண்ணிடம் அந்த ஒரு சக்கரம் இல்லை. கண்டக்டர் இறக்கிவிட்டார். மூட்டையைத் தலையில் ஏற்றி அவள் நடந்தாள்.

மணவாளக்குறிச்சிக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் நின்றது. கரி தீர்ந்துவிட்டது. கூலியைக் கூட்டிய முதலாளி, கரியைக் குறைத்துக் கொடுத்திருந்தார். சுள்ளி பொறுக்கிப் போட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. என் கையைப் பிடித்திருந்த மனைவியின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

அதற்குள் அந்தப் பெண் நடந்தே வந்து சேர்ந்துவிட்டாள்.

"என்ன மக்கா, வண்டிக்கு நடக்க வய்யாயோ?"

"எக்கா, அந்த மூட்டையத் தாருங்க," என்று கெஞ்சினார் கண்டக்டர்.

"கூலி கூடிப்போச்சு, எறங்குண்ணு சொன்னேல்லா? கரி வெலையும் கூடிப்போச்சு டேய்," என்று சிரித்தாள் அவள்.

நான் மடியில் இருந்த பணம் முழுவதையும் எடுத்து நீட்டினேன். அவள் ஜன்னல் வழியாக என் மனைவியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"பிள்ளத்தாச்சியா? அத மொதல்ல சொல்லாண்டாமா?"

மூட்டையை அவளே அவிழ்த்தாள். கண்டக்டர் அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுழற்ற, அடுப்பு கனன்று, பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. அவளும் ஏறிக்கொண்டாள், இந்த முறை யாரும் கூலி கேட்கவில்லை.

நெய்யூரில் மறுபடி பணத்தை நீட்டினேன். (பஸ்காரர் கொடுத்திருக்க வேண்டிய பணம். இன்றும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.) சந்தை விலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். இன்னும் எடுக்கச் சொன்னேன்.

"இண்ணைக்குள்ள வெல இதுதான் அண்ணாச்சி. நாளைக்குக் கூடும், அத நாளைக்கு வாங்குகவன்கிட்ட கேட்டுக்கிடுகேன்."

மதியம் மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள்.

பிறகு சக்கரம் போய் அணா வந்தது, அணாவும் போனது. விறகு, மண்ணெண்ணெய், காஸ், பெட்ரோல் என்று ஒவ்வொன்றும் ஏறுவதைப் பேப்பரில் படித்து முணுமுணுத்தே வயதாகிவிட்டது. முணுமுணுக்கவும் இப்போது சலிப்பாக இருக்கிறது. ஏற்றுகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மேட்டில் அவள் என்ன விலை கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன், அது அவளுக்கும் தெரிந்திருந்தது என்பதை மட்டும், விலை ஏறும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.